மணலுக்குள் ஒரு துப்புரவு நிலையம்

எண்ணூர் முகத்துவாரத்தில் நீர் வடிந்திருக்கும்போது சேற்றைச் சிறிது தோண்டினால், மேலே பழுப்பு நிறமும் கீழே கறுப்பு நிறமும் தெரியும். அழுகிய முட்டை நாற்றமும் வீசும். இந்த இரு நிறங்களின் காரணத்தை அறிந்தவர் கடல்நீர் மீன் தொட்டியையும் நன்கு பராமரிக்கலாம். எவ்வாறு என்று பார்ப்போம்.

மீன்களின் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட இரை அழுகுவதாலும் தொட்டியில் அம்மோனியா சேர்கிறது. மீன்களுக்கு இது கொடிய நஞ்சு. மணலின் மேலடுக்கில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் இதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இரண்டுக்கும் ஆக்சிஜன் தேவை. இது உயிர்களின் வேலையே என்று 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் காட்டினர். மணல் நிரம்பிய குழாயில் சாக்கடை நீரைக் கசியவிட்டபோது, சில வாரங்களில் நைட்ரேட் தோன்றியது. குளோரோஃபார்மைச் செலுத்தியதும் நின்றுவிட்டது!

நைட்ரேட் அவ்வளவு நஞ்சன்று. ஆயினும் அது மிகுந்தால் பாசி பெருகிப் பவளங்களை மூடிவிடும். அதை அகற்றுபவை, ஆக்சிஜன் இல்லாத கீழடுக்கில் வாழும் நுண்ணுயிர்கள். அவை நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுத்துச் சுவாசிக்கின்றன. எஞ்சும் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடுகிறது.

நீரில் ஆக்சிஜன் இருக்க, அடிமணலில் மட்டும் இல்லாமற் போவது ஏன்? மணலின் இடுக்குகளில் நீரோட்டம் மிகக் குறைவு. ஆகவே ஆக்சிஜன் விரவல் மூலமே கீழிறங்க வேண்டும். விரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அசையாத நீரில் 1 மி.மீ. கடக்க ஏறத்தாழ 4 நிமிடம் ஆகும். 1 செ.மீ. என்றால் 100 மடங்கு, அதாவது 7 மணி. 10 செ.மீ. என்றால் ஏறக்குறைய ஒரு மாதம்! அதற்குள் மேலடுக்கு உயிர்கள் அதைத் தீர்த்துவிடும் அல்லவா?

எனவே தொட்டியில் நுண்மணலை 10 செ.மீ. ஆழமாவது பரப்ப வேண்டும். அதைக் கிளறக் கூடாது. கிளறினால் கீழடுக்குக்கு ஆக்சிஜன் சென்று வேலை கெடும். அங்கே உண்டான ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவும் வெளிவரும். முட்டை நாற்றம் அதனுடையதே. அது இரும்புடன் சேர்ந்ததே அந்தக் கறுப்பு. மேல்மணல் இறுகாமல் சிறு புழுக்களும் நத்தைகளும் பார்த்துக்கொள்ளும். இரையை அளவாக இடுங்கள். அப்படியும் நைட்ரேட் மிகுந்தால், நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள்.

எண்ணூர்ப் படுகையும் இதே வேலையைச் செய்கிறது. அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்ததை அங்குள்ள மீனவர்கள் நன்கறிவர். சாம்பல் மூடினால் மேலடுக்குக்கு ஆக்சிஜன் எட்டாது. அம்மோனியா நைட்ரேட்டாக மாறாது. கீழடுக்குக்கும் வேலை இராது. தொட்டி நீரை நாம் மாற்றலாம். ஆற்றுக்கோ அந்தச் சேற்றைத் தவிர வேறு துணையில்லை.

கணக்கிட்டுப் பாருங்கள்: ஆக்சிஜன் 5 செ.மீ. கடக்க எவ்வளவு காலம் ஆகும்? (விடை: ஏறத்தாழ ஒரு வாரம்)