ஆல்டோவில் அண்ணாமலைக்கு: டிக்கி மேல் பழி போடாதீர்கள்

கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் குடும்பத்தோடு காரில் கிளம்புகிறவர்களில் சிலர் இப்போது டென்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நாட்களில் திருவண்ணாமலையில் லாட்ஜ் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அடி அண்ணாமலைப் பக்கம் தெரிந்தவர் தோப்பிலோ மொட்டைமாடியிலோ ஒரு ராத்திரி படுத்து எழுந்து வந்துவிடலாம் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். சாமான்களை வாசலில் பரப்பி வைத்துவிட்டு ஆல்டோவின் டிக்கியைத் திறக்கும்போதுதான் “அப்பவே பெரிய வண்டியா வாங்கச் சொன்னேன்” என்ற பேச்சு கிளம்புகிறது. பெரும்பாலும் பிழை வண்டியில் இல்லை, நம் நம்பிக்கைகளில்தான்.

“டென்ட் அடிக்கிற இடம் வரைக்கும் கார் போகும்.”

எல்லாக் குழப்பத்துக்கும் மூலம் இதுதான். சாதாரண நாளில் செங்கம் சாலையிலிருந்து பிரிந்து அடி அண்ணாமலை வரை தாராளமாக ஓட்டிப் போகலாம். பௌர்ணமி இரவிலும் தீபத்தன்றும் கிரிவலப் பாதை நடப்பவர்களுக்கு மட்டும். ஊருக்குள் வரும் சாலைகளில் தற்காலிகப் பேருந்து நிலையங்களும் கார் நிறுத்தும் மைதானங்களும் போட்டுவிடுவார்கள். வண்டி அங்கேயே நின்றுவிடும். அடி அண்ணாமலை மலைக்கு மேற்கே, சுமார் 14 கிலோமீட்டர் சுற்றின் நடுப்பகுதியில் இருக்கிறது. அதனால் வாசலில் கேட்க வேண்டிய கேள்வி ‘டிக்கியில் போகுமா’ என்பதல்ல, ‘தோளில் போகுமா’ என்பது. இப்படிக் கேட்டாலே மடக்கு மேசை, நாற்காலி, இரும்பு அடுப்பு எல்லாம் வீட்டுக்குள் திரும்பிப் போய்விடும். இல்லையென்றால் கூட்டம் சேர்வதற்கு முன்பே, போக்குவரத்தை நிறுத்தாத நேரம் பார்த்து, வண்டியைத் தோப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். சேர்த்துவிட்டால் கூட்டம் வடியும்வரை அதை எடுக்க முடியாது.

மலைச்சரிவில் அடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். அது காப்புக்காடு. 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் மண் சரிந்து மலையடிவாரத்தில் 7 பேர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு தீபத்தன்று பக்தர்களையே மலையேற விடவில்லை. சமதரையில், நிலத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு அடிப்பதுதான் முறை.

“டிக்கி எத்தனை லிட்டரோ அத்தனை சாமான் போகும்.”

பழைய ஆல்டோ 800-க்கு 177 லிட்டர், 2022-இல் வந்த ஆல்டோ கே10-க்கு 214, வேகன்ஆருக்கு 341 என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். டிக்கியை அளக்கப் பரவலாகக் கையாளும் ஒரு முறையில், 20 செ.மீ. நீளம், 10 அகலம், 5 உயரம் உள்ள கட்டைகளை அடுக்கி எண்ணுவார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். சக்கர மேட்டுக்குப் பக்கத்து இடுக்கிலும் பின்கதவுச் சரிவின் கீழும் அந்தக் கட்டை நுழையும். உங்கள் டிராலி பெட்டி நுழையாது. அதன் சக்கரமும் கைப்பிடிக் குழாயும் வேறு இடத்தைத் தின்னும். துணியெல்லாம் நெகிழ்வான பையில் இருக்கட்டும். டென்டை உறைக்குள் உருட்டி வைத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கம்பிகளைத் தனியே உருவி ஓரத்தில் செருகிவிட்டு, துணியை மெத்தைபோல மற்ற பைகளுக்கு அடியில் பரப்பிவிடலாம். தூக்கிப் போட்டதும் தானே விரியும் டென்ட் சின்னக் காருக்குப் பெரிய இம்சை: வட்டத் தட்டாக மடங்குமே தவிர அதற்குமேல் சுருங்காது. டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருக்கிறவர்கள் இந்த லிட்டர் கணக்கையே மறந்துவிடலாம்.

“இடம் இருந்தால் ஏற்றலாம்.”

இடம் கண்ணுக்குத் தெரியும், எடை தெரியாது. ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தாலும் நான்கு பேர் 240 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றுக்கு 20 கிலோ. இரண்டு கேன் ஏற்றினால் ஒரு சிறுவனைக் கூடுதலாக உட்கார வைத்த கணக்கு. வண்டிக் கையேட்டில் மொத்த எடை வரம்பு போட்டிருக்கும், ஒருமுறை பாருங்கள். கிரிவலப் பாதையில் கடைக்கும் தண்ணீருக்கும் பஞ்சமில்லை. காலிக் கேனைக் கொண்டுபோய் அங்கே நிரப்பிக்கொள்ளலாம். கனமானதைப் பின்சீட்டின் முதுகை ஒட்டித் தரையோடு வையுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: வெயிலுக்கு டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது. எந்த பஞ்சர் கடையில் நின்றாலும் யாராவது ஒருவர் சொல்வார். நேர்மாறு. காற்று குறைந்த டயர் அதிகம் நெளியும், அதனாலேயே அதிகம் சூடாகும். பாரம் ஏற்றினால் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று பல வண்டிகளில் ஓட்டுநர் கதவருகே ஸ்டிக்கரே இருக்கிறது. திண்டிவனத்தில் டீ குடிக்கிற இடத்தில் அல்ல, காலையில் டயர் ஆறியிருக்கும்போதே பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி டிக்கித் தரைக்கு அடியில் இருப்பதையும் மறக்க வேண்டாம். செஞ்சி தாண்டி பஞ்சரானால் குடித்தனத்தையே சாலையோரம் இறக்க வேண்டிவரும். இருபது உதிரிச் சாமானை இறக்குவதைவிட நான்கு பையை இறக்குவது சுலபம். ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் துணியில் சுற்றி, ஓட்டுநர் பக்கம் இல்லாமல் இடது முன்சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டால் டிக்கியைக் கிளற வேண்டியதும் குறையும்.

“மேலே கேரியர் போட்டால் தீர்ந்தது, குழந்தை மடியில் உட்காரட்டும்.”

கூரைக்குத் தனி எடை வரம்பு உண்டு. பாயும் போர்வையும் போகலாம், தண்ணீர் கேன் கூடாது. அனுமதித்த அளவைத் தாண்டிச் சாமான் நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய். குழந்தைக்கும் சட்டம் இருக்கிறது: 14 வயதுக்குள் என்றால் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம். சட்டத்தை விடுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் மோதி நின்றால், 5 கிலோ குக்கர் பின்னாலிருந்து 70 கிலோ விசையோடு முன்னால் வரும். 10 கிலோ குழந்தையை அப்படிப் பிடித்து நிறுத்தும் கை யாருக்கும் கிடையாது.

“கேம்பிங் என்றால் ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, சிலிண்டர்.”

இமயமலைக்குப் போகிறவர்களின் பட்டியல் அது. நம் கார்த்திகை இரவுக்கு ஜமக்காளமும் போர்வையும் கொசுவலையும் போதும். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் தார்பாய் ஒன்று அவசியம். மூடிய காரில் சின்ன சிலிண்டர் ஆபத்தில்லை என்பதும் தவறு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் அடுப்பே வேண்டாம். புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்து மறுநாள்வரை கெடாமல் காக்கும். தயிர் சாதத்தை அன்றிரவே முடித்துவிடுங்கள். பௌர்ணமியன்று வழியெங்கும் அன்னதானமும் நடக்கும்.

“டென்டில் இடம் போதாவிட்டால் ஏசியைப் போட்டுக் காரிலேயே தூங்கலாம்.”

நான்கு பேர் டென்ட் என்றால் நான்கு பேர் தோளோடு தோள் உரசிப் படுக்கலாம், பைக்கு இடமில்லை என்று அர்த்தம். ஆகவே வண்டி தோப்பிலேயே நின்றால் யாராவது இருவர் காருக்கு வந்துவிடுவார்கள். இன்ஜினை ஓடவிட்டு நின்ற வண்டியில் தூங்குவது உயிருக்கு உலை வைக்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடியைப் பாதி இறக்குங்கள். பழைய கொசுவலையில் ஒரு துண்டை வெட்டி ஜன்னலுக்கு மேலே போர்த்திக் கதவைச் சாத்தினால் விளிம்பு கதவிடுக்கில் இறுகிக்கொள்ளும். இடது முன்சீட்டை முழுக்கச் சாய்க்க அதற்குப் பின்னால் தரை காலியாக இருக்க வேண்டும். அங்கே வைத்த பைகளை ராத்திரி ஓட்டுநர் சீட்டுக்கு மாற்றிவிடலாம்.