வாயில்லாச் சீவனின் வாய்நோய்

பேசும் ஆற்றல் பெறாத உயிர்களை 'வாயில்லாச் சீவன்' என்று வழங்குதல் நம்மவர் மரபு. அச்சீவனுக்கு வாயிலேயே நோய் வந்துற்றால் அதனை எடுத்துரைப்பார் யார்? ஆடும் பசுவும் கத்தியேனும் தம் துன்பத்தைப் புலப்படுத்தும். பல்லியினத்துப் பிராணிகளோ பெரும்பாலும் ஒலியெழுப்பாமலே நோயைப் பொறுத்திருப்பன. ஆதலின், அவற்றை வளர்ப்பவரின் கண்ணே அவற்றிற்கு நாவாக அமைதல் வேண்டும். பிறநாடுகளில் பலர் இல்லங்களில் விரும்பி வளர்க்கும் 'பியர்டெட் டிராகன்' என்னும் தாடி ஓணானை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்நோயின் குறி, காரணம், சிகிச்சை ஆகிய மூன்றையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இப்பிராணியின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியாகும். நம் வேலிகளில் தலையசைக்கும் ஓணானும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் பக்கப் பற்கள், மனிதரின் பற்களைப்போலக் குழியில் வேரூன்றி நில்லாமல், தாடையெலும்பின் விளிம்போடு ஒட்டியமைந்தவை. அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பழம் முதலிய மென்மையான உணவை மிகுதியாக ஊட்டினால், அதன் எச்சம் பல்லடியில் படிந்து, ஈறு வீங்கிப் பின்வாங்கும். கிருமிகள் எலும்பையே சென்று பற்றும்.

இனி, நோயின் குறிகளைக் காண்போம். தொடக்கத்தில் ஈற்றோரம் சிவக்கும். ஊசிமுனை போன்ற இரத்தப் புள்ளிகள் தோன்றும். பூச்சியைக் கண்டு விரைந்து பாயும் பிராணி, பாய்ந்து கவ்வியபின் அதனைக் கீழே விட்டுவிடும். நாளடைவில் உணவையே வெறுக்கும். எச்சில் நூல்போல் இழையும், தாடை வீங்கும், வாய் துர்நாற்றம் வீசும். முற்றிய நிலையில் மஞ்சளும் வெண்மையுமான சீழ் திரளும். ஊர்வனவற்றின் சீழ் நீராக வடியாது. பாலாடைக்கட்டிபோல் இறுகி நிற்கும். அதனை உணவின் மிச்சமென்று எண்ணி ஏமாறுவோர் உளர். வெயில் காயும்போது இப்பிராணி வாயைத் திறந்து வைத்தல் மட்டும் நோயன்று. உடற்சூட்டைத் தணிக்கும் இயல்பான செயலேயாம். குளிர்ந்த இடத்திலும் வாயை மூடாதிருப்பின் ஐயுறல் வேண்டும்.

காரணம் யாது? கிருமிகளே என்பது பாதி விடைதான். நலமுள்ள பிராணியின் வாயிலும் கிருமிகள் உண்டு; உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியபோதே அவை தலையெடுக்கின்றன. ஊர்வன புறத்திலுள்ள வெப்பத்தைக் கொண்டே தம் உடலை இயக்குவன. கூண்டு குளிர்ந்தால் சீரணமும் மந்தமாகும், நோயெதிர்ப்பும் தளரும். தாடி ஓணானுக்குக் கூண்டின் ஒரு முனையில் சுமார் 38 முதல் 42 செல்சியஸ் பாகை வெப்பமுள்ள வெயில்மேடையும், மறுமுனையில் 25 பாகையளவு குளிர்ச்சியும் வேண்டும். புறஊதாக் கதிர் கிட்டாவிடில் சுண்ணாம்புச் சத்து உடலிற் சேராது, தாடையெலும்பு மெலியும். கம்பிவலையில் மூக்கை உராய்தல், தின்னாது விடப்பட்ட பூச்சி கடித்தல் முதலியவற்றால் உண்டாகும் சிறு காயங்களும் கிருமிக்கு வாயிலாகும்.

சிகிச்சை பிராணி வைத்தியரின் பொறுப்பாகும். அவர் வேண்டுமாயின் மயக்கமருந்து கொடுத்து, இறுகிய சீழை அகற்றி, குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிநாசினியின் நீர்த்த கரைசலாற் கழுவுவார். கிருமியின் வகையைச் சோதித்து அதற்கேற்ற மருந்தை ஊசிமூலம் செலுத்துவார். எலும்பு பழுதுற்றதா என எக்ஸ்கதிர்ப் படத்தால் அறிவார். வளர்ப்பவர் சீழைத் தாமே சுரண்டுதலும், வாயை வலிந்து திறத்தலும், மனிதர்க்குரிய மருந்தைப் புகட்டுதலும் தகா. மூச்சுக்குழலின் வாய் நாவின் அடியிலேயே இருப்பதால், ஊற்றிய நீர் நுரையீரலுட் புகுந்து உயிருக்கே இடர் விளைக்கக் கூடும். கூண்டைத் தூய்மை செய்தலும், வெப்பத்தைச் சீர்செய்து வெப்பமானியால் அளத்தலும், தரையிற் காகிதம் விரித்தலும், தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதலும் அவர்தம் கடமை. மருந்து வாரக்கணக்கில் வேண்டியிருக்கலாம். சற்றே தேறியதென்று இடையில் நிறுத்தினால் நோய் மீளும்.

மருந்தினால் கிருமி ஒடுங்கலாம். கரைந்த எலும்பும் பின்வாங்கிய ஈறும் பழைய நிலையை எய்துவதரிது. கூண்டின் குறை நீங்காவிடில் கொடுத்த மருந்தும் வீணே. உணவு, வெப்பம், ஒளி, தூய்மை ஆகிய நான்கையும் தன் விருப்பப்படி தேடிக்கொள்ளும் உரிமையை அச்சீவனிடமிருந்து எடுத்துக்கொண்டவர் நாம். ஆதலின், வாரத்திற்கொருமுறை அது இரை கவ்வ வாய் திறக்கும் அத்தருணத்தில் ஈற்றை உற்று நோக்குவோம். ஒரு நொடிப் பார்வை அதன் பல்லாண்டு வாழ்வைக் காக்குமெனின், அதனினும் எளிய சீவகாருண்யம் வேறு யாதுளது?