நுரையீரலுக்குள் ஒரு வெண்மரம்

பிளாஸ்டிக் என்றதும் உங்களுக்கு வாளியும் சீப்பும் நினைவுக்கு வரும். மருத்துவ நூல்களில் 'பிளாஸ்டிக் பிராங்கைட்டிஸ்' என்று ஒரு நோய் உண்டு. வாளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. வார்த்து உருக்கொடுக்கத் தக்கது என்பதே அச்சொல்லின் கிரேக்க மூலப் பொருள். இந்த அரிய நோயில் வார்ப்பு அச்சாக அமைவது எது தெரியுமா? நம் மூச்சுக்குழல்தான்!

மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து நுரையீரல்களுக்குள் நுழைகிறது. பிறகு ஏறத்தாழ 23 முறை கிளைவிட்டு, தலைகீழ் மரம்போல் விரிகிறது. இந்நோய் கண்ட குழந்தையின் கிளைக்குழல்களில் சளியோ புரதமோ உறைந்து, ரப்பர்போல் கெட்டியாகி அடைத்துக்கொள்கிறது. குழந்தை விடாது இருமும், மூச்சுத் திணறும். ஆஸ்துமா அல்லது நிமோனியா என்றே முதலில் தோன்றும். இருமலில் வெளிவந்த கட்டியை நீரில் மிதக்கவிட்டால், அது கிளைகளுடன் விரிந்து வெண்மரமாகக் காட்சி தரும். நோய் இன்னதென்று அப்போது விளங்கும்.

அடைப்பு நுரையீரலில், குற்றமும் அங்கேதானா? ஆஸ்துமா, இன்புளூயன்சா போன்றவற்றால் குழல்கள் அழற்சியுற்றுச் சில குழந்தைகளுக்கு இது வருகிறது. வேறு சிலருக்கோ காரணம் இதயத்தில் இருக்கிறது!

இதயத்தின் வலது கீழறை நுரையீரலுக்கும், இடது கீழறை உடலுக்கும் இரத்தத்தைச் செலுத்துகின்றன. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஒரு கீழறைதான் சரியாக வேலை செய்யும். பிரான்சு நாட்டின் போர்தோ நகர அறுவை மருத்துவர் பிரான்சிஸ் ஃபோந்தான், இத்தகையோருக்கு உதவும் அறுவை முறையை 1968இல் செய்து, 1971இல் வெளியிட்டார். இருக்கும் கீழறை உடலுக்கு இரத்தம் அனுப்பட்டும். உடலிலிருந்து திரும்பும் இரத்தம் கீழறையின் உந்துதல் இன்றியே நுரையீரலுக்குச் செல்லட்டும் என்பதே அதன் அடிப்படை. ஏராளமான குழந்தைகள் பிழைத்தனர். ஆனால் உந்துதல் இல்லாததால் சிரைகளில் அழுத்தம் உயர்ந்தே நிற்கிறது.

திசுக்களில் கசியும் நீரை நிணநீர்க் குழல்கள் திரட்டி, கழுத்தடியில் உள்ள சிரையில் சேர்க்கின்றன. ஏரி நிரம்பித் தளும்பும்போது வாய்க்கால் நீர் அதில் வடியுமா? தேங்கிப் பின்வாங்கும் அல்லவா? அவ்வாறே நிணநீரும் சிலருக்கு நுரையீரல் பக்கம் திரும்பி, மூச்சுக்குழல்களுக்குள் கசிகிறது. அதிலுள்ள புரதம் உறைந்து மரமாகிறது.

ஆகவே, உள்நோக்குக் கருவியால் கட்டியை எடுத்தால் உயிர் தப்பலாம்; காரணம் நீங்காவிட்டால் கட்டி மீண்டும் உறையும். இன்று எம்.ஆர்.ஐ. படத்தில் நிணநீர் திசைமாறும் தடத்தைக் கண்டறிந்து, மெல்லிய குழாய் செலுத்தி அதை அடைக்கிறார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா மருத்துவர்கள் இம்முறையின் நற்பலனை 2016இல் வெளியிட்டனர்.

மாணவர்களே! இதய அறுவை செய்துகொண்ட நண்பனோ தங்கையோ விடாது இருமினால், வெறும் சளி என்று விட்டுவிடாதீர்கள். உடனே பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் செய்யுங்கள். இருமலில் கட்டி வந்தால் எறிந்துவிடாமல் எடுத்துச் சென்று காட்டச் சொல்லுங்கள். நோயின் பெயரை அந்தச் சிறு மரமே மருத்துவருக்குச் சொல்லிவிடும்.