கும்மிடிப்பூண்டியில் பொருளியல் நீதி

முதலாளித்துவமா, பொதுவுடைமையா, இஸ்லாமியப் பொருளியலா எனும் வினாவைக் கும்மிடிப்பூண்டி சிப்காட் வாயிலில் வைத்து ஆராய்வோம். தனியார் முதலீடு அங்குத் தொழில் பெருக்கியதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் அருகருகே உழைக்க, ஊதியம் மட்டும் வேறாகிறது. 24 மாதங்களில் 480 நாள் பணியாற்றியவரை நிரந்தரமாக்கத் தமிழகம் 1981இல் சட்டமியற்றியது. எண்ணிக்கை நிறையுமுன் ஆளை நீக்கிவிட்டாலோ அச்சட்டம் பயனின்றிப் போகும். ஆலைகளை அரசுடைமையாக்கிய நாடுகளிலும் உழைப்பவர் கூலியாளராகவே நின்றார்.

ஸகாத் போதாதா என்பர் சிலர். அஃது ஓராண்டு தங்கிய செல்வத்தின்மீது 2.5 விழுக்காடு, ஊதியமோ அதற்கு முந்தைய கடன். நாம் இங்கு நோக்க வேண்டியது முளாரபா நெறியை. அதில் இலாபம் இருவருக்கும் பங்கு, பணநட்டம் முதலிட்டவருக்கே. கூலியாளர் கூட்டாளி அல்லரே எனின், இலாபத்தில் பங்கில்லாதவரை உற்பத்தி குறைந்ததும் முதலில் வெளியேற்றுவது எந்நெறி?