நாணயத்திற்கு நினைவு உண்டா?



"தொடர்ந்து மூன்று முறை தலை விழுந்துவிட்டது, இனிப் பூ விழுந்தே தீரும்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. இது சரியா? நாணயம் ஓர் உலோகத் துண்டு. முன்பு எப்படி விழுந்தோம் என்பதை அது நினைவில் வைத்துக்கொள்வதில்லை. சீரான நாணயமாயின், நான்காம் முறையும் தலை விழுவதற்கான நிகழ்தகவு 1/2 தான். பூ விழுவதற்கும் 1/2 தான்.

அப்படியானால் முன்பு நிகழ்ந்தவற்றை நாம் கணக்கில் கொள்ளவே வேண்டாமா? வேண்டும். 1654-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கணித மேதைகளான பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்கள் வாயிலாக ஆராய்ந்த ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும்.

இருவர் ஆளுக்கு 32 பொற்காசுகள் பந்தயம் வைத்து ஆடுகின்றனர். ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவருக்கும் வாய்ப்புச் சமம். நாம் நாணயம் சுண்டுவதாகவே கொள்வோம். தலை விழுந்தால் முதலாமவருக்கு வெற்றி. பூ விழுந்தால் இரண்டாமவருக்கு வெற்றி. எவர் முதலில் மூன்று வெற்றி பெறுகிறாரோ அவருக்கே 64 காசுகளும். முதலாமவர் இரண்டு முறையும் இரண்டாமவர் ஒரு முறையும் வென்ற நிலையில் ஆட்டம் நின்றுவிடுகிறது. காசுகளை எப்படிப் பங்கிடுவது நியாயம்?

1494-இல் வெளிவந்த தம் கணித நூலில் லூக்கா பச்சோலி என்னும் இத்தாலியத் துறவி, பெற்ற வெற்றிகளின் விகிதப்படி பங்கிடச் சொன்னார். அதன்படி 2 : 1. ஆனால் ஒரே ஓர் ஆட்டத்துடன் நின்றுவிட்டால், இம்முறைப்படி வென்றவருக்கே 64 காசுகளும் போய்விடும்! இது நியாயமாகுமா?

பாஸ்கல் இனி நடக்கக்கூடியதை நோக்கினார். அடுத்துத் தலை விழுந்தால் முதலாமவருக்கு 64. பூ விழுந்தால் இருவரும் சமம், ஆளுக்கு 32. ஆகவே எப்படி விழுந்தாலும் 32 காசுகள் அவருக்கு உறுதி. மீதி 32-க்கு இருவருக்கும் சம வாய்ப்பு. எனவே அதில் பாதி 16. ஆக முதலாமவருக்கு 48, மற்றவருக்கு 16.

ஃபெர்மாவின் வழி வேறு. இன்னும் இரு முறை சுண்டினால் முடிவு தெரிந்துவிடும். தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என நான்கு வகைகள். முதல் மூன்றிலும் வெற்றி முதலாமவருக்கே. (முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடுமே என்பீர்கள். நான்கும் சம வாய்ப்புடையனவாக இருக்கவே இரண்டாம் முறையையும் எண்ணுகிறோம்.) நிகழ்தகவு 3/4, 64-இல் 3/4 பங்கு 48. இரு வழியிலும் ஒரே விடை!

முதலாமவரின் வெற்றி வாய்ப்பு தொடக்கத்தில் 1/2, இப்போது 3/4. இவ்வாறு, ஒன்று நிகழ்ந்துவிட்டது என அறிந்தபின் மற்றொன்றுக்குக் கணக்கிடுவதே நிபந்தனை நிகழ்தகவு. நாணயம் மாறவில்லை, வெற்றிக்கு இன்னும் வேண்டியதுதான் குறைந்துள்ளது.

இந்த வேறுபாட்டை உணராதவர்களே, "இவ்வளவு தோற்றுவிட்டேன், இனி வெற்றிதான்" என்று சூதில் கைப்பொருளை இழக்கின்றனர். தோற்றவருக்கு நாணயம் கடன்பட்டிருக்கவில்லை.

தோழியரே, உங்களுக்கு ஒரு பயிற்சி: முதலாமவர் 2, இரண்டாமவர் 0 என்ற நிலையில் ஆட்டம் நின்றால் பங்கு எவ்வளவு? அடுத்துப் பூ விழுந்தால் நாம் மேலே கண்ட நிலை வரும் என்பதே குறிப்பு.

(விடை: 56, 8)