“எங்கள் கம்பெனியில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?”: நேர்முகத் தேர்வு பற்றி ஆறு நம்பிக்கைகளும் உண்மைகளும்

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு மாடி அலுவலகம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டிகிரி வரை வரிசையாக அடுக்கிய பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சட்டை அறை நண்பனுடையது. கழுத்துப் பட்டனைப் போட்டால் மூச்சு முட்டும். உள்ளே கூப்பிட்டார்கள். முதல் கேள்வியே, “எங்கள் கம்பெனியில் ஏன் சேர விரும்புகிறீர்கள்?”

அந்தக் கம்பெனியின் பெயரை முந்தின நாள் சாயங்காலம்தான் கேள்விப்பட்டிருந்தேன். மேன்ஷன் வாடகை இரண்டு மாதம் பாக்கி. இரண்டையும் சொல்ல முடியாது. “உங்கள் நிறுவனத்தின் வளர்ச்சி என்னைக் கவர்ந்தது சார்” என்றேன். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

பல வருடம் கழித்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபோது நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நேர்முகத் தேர்வைப் பற்றி நாம் நம்புகிற பலவும் இப்படிக் கைமாறி வந்தவைதான்.

நம்பிக்கை 1: பத்து நிமிஷம் பேசினால் ஆளை எடை போட்டுவிடலாம்

“ஆள் உள்ளே நுழையும்போதே தெரிந்துவிடும்” என்று சொல்லாத மேலாளர் அபூர்வம். நானும் சொல்லியிருக்கிறேன்.

உண்மை: அமெரிக்காவில் ஜேசன் டானா, ராபின் டாஸ், நதானியல் பீட்டர்சன் ஆகிய மூவர் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மாணவரைப் பேட்டி கண்டு, அடுத்து அவர் எடுக்கப்போகும் மதிப்பெண்ணைக் கணிக்க வேண்டும். பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கணித்தால் கிடைத்த துல்லியம், பேட்டியும் சேர்ந்தபோது குறைந்தது. வேடிக்கை இனிமேல்தான். சில பேட்டிகளில், பதில் சொல்பவர்கள் ஓர் இரகசிய விதிப்படி ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று கண்டபடி பதில் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு அது உறைக்கவே இல்லை. ஆளைப் புரிந்துகொண்டோம் என்ற திருப்தியும் அவர்களுக்குக் குறையவில்லை.

இன்னொன்று, யாரும் திட்டமிடாமல் நடந்த சோதனை. 1979இல் ஹூஸ்டனில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 800 பேரை நேர்காணல் செய்து தரவரிசைப்படுத்தியது. மேலே இருந்தவர்களைக் கொண்டு 150 இடங்களும் நிரம்பின. கடைசி நேரத்தில் இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொல்லி மாநில சட்டமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் நல்ல தரவரிசைக்காரர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். 700ஆம் இடத்துக்குக் கீழே நின்றவர்களைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. படிப்பு முடியும்வரை பார்த்தார்கள். மேலே இருந்தவர்களுக்கும் கீழே இருந்தவர்களுக்கும் தேர்வுகளிலும் சரி, பட்டம் பெறுவதிலும் சரி, பயிற்சி மருத்துவத்திலும் சரி, வித்தியாசமே தெரியவில்லை.

நேர்காணலில் தோற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். கதவு தற்செயலாகத் திறந்ததால் டாக்டரானார்கள்.

நம்பிக்கை 2: மடக்கிக் கேட்டால்தான் புத்திசாலி யாரென்று தெரியும்

உண்மை: இந்தப் பழக்கத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1921இல் தாமஸ் எடிசன் தன்னிடம் வேலை கேட்டு வந்த பட்டதாரிகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். பெரும்பாலானோர் தோற்றார்கள். கேள்விகள் பத்திரிகைக்குக் கசிந்தன. அதே ஆண்டு பாஸ்டனுக்கு வந்த ஐன்ஸ்டைனிடம் அவற்றில் ஒன்றைக் கேட்டார்கள்: ஒலியின் வேகம் என்ன? புத்தகத்தில் இருப்பதை நான் மனத்தில் சுமப்பதில்லை என்ற பொருளில் பதில் சொன்னார் அவர். எடிசனிடம் அவருக்கு வேலை கிடைத்திருக்காது.

ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது போன்ற கேள்விகளுக்குப் பேர்போன நிறுவனம் கூகுள். அதன் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013இல் அந்தப் புதிர்கள் வெறும் நேர விரயம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவற்றால் எதையும் கணிக்க முடியவில்லை. கேட்பவருக்குத் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்ள உதவின, அவ்வளவுதான் என்றார்.

நம்பிக்கை 3: சம்பளத்துக்காக வருபவன் உழைக்க மாட்டான்

‘ஏன் சேர விரும்புகிறீர்கள்’ என்ற கேள்விக்குப் பின்னால் ஒளிந்திருப்பது இதுதான். வேலையைக் கோயிலாக நினைப்பவர் நல்லவர், மாசக் கடைசியை எதிர்பார்ப்பவர் ஒரு மாற்றுக் குறைவு என்கிற எண்ணம்.

உண்மை: ஏமி ரெஸ்னெவ்ஸ்கி என்ற உளவியலாளரும் சகாக்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர்கள் வேலையை மூன்று விதமாகப் பார்ப்பதாகச் சொன்னது: பிழைப்பு, முன்னேற்றம், மனசுக்குப் பிடித்த பணி. ஒரே வேலை பார்த்த கல்லூரி அலுவலக உதவியாளர்களிடம்கூட இந்த மூன்று வகையும் ஏறக்குறைய சமமாக இருந்தன. ஆக, பார்வை வேலையை மட்டும் பொறுத்ததல்ல, ஆளையும் பொறுத்தது.

என் அப்பா முப்பது வருடம் மில்லில் ஷிஃப்ட் பார்த்தவர். நூல் மேல் அவருக்கு எந்தக் காதலும் கிடையாது. ஆனால் அவர் பார்த்த ஃபிரேமில் நூல் அறுந்து நிற்காது. சம்பளத்துக்காகத்தான் வேலைக்குப் போனார், சம்பளத்துக்கு நேர்மையாக இருந்தார். இன்றைய ஹெச்.ஆர். ரவுண்டில் அவர் தேறியிருக்க மாட்டார். லாபத்துக்காக நடக்கும் கம்பெனி, சம்பளத்துக்காக வருபவரைக் குறைசொல்வதில் ஒரு நியாயமும் இல்லை.

‘உங்கள் பலவீனம் என்ன’ என்ற கேள்வியும் இதே ஜாதி. “எதையும் கச்சிதமாகச் செய்யாமல் விடமாட்டேன்” என்ற பதிலை யூடியூப் பார்த்து எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். கேட்பவருக்குத் தெரியவருவது மனப்பாடத் திறமை மட்டும்.

நம்பிக்கை 4: ‘சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார்’ எல்லாம் சும்மா பேச்சுக்கு

உண்மை: சும்மா அல்ல. சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் 2007இல் வெளியிட்ட ஆய்வுக்காக இந்திய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். ‘திறமை மட்டும்தான்’ என்று சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள். ஊர், தெரு, தகப்பன் தொழில் என்று மூன்று கேள்வியில் நம் நாட்டில் என்ன தெரியவரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும், தகுதி ஒன்றாகவும் பெயர் மட்டும் வேறாகவும் உள்ள விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்தது.

பெண்களுக்கு இன்னொரு கேள்வி காத்திருக்கும்: “கல்யாணம் எப்போது?” 2017இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தபின் இந்தக் கேள்வியில் செலவுக் கணக்கும் சேர்ந்துகொண்டது. ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு கூடாது என்று 1976இன் சம ஊதியச் சட்டமே சொல்லிவிட்டது; 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதைத் திருப்பிச் சொல்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, கேள்வி மேசையில் இருக்கிறது.

நம்பிக்கை 5: பழைய சம்பளமே ஒருவரின் விலை

உண்மை: “கடைசி மூன்று மாத பே ஸ்லிப் அனுப்புங்கள்” என்பது நம்மூரில் சாதாரணம். ஒருமுறை குறைவாகப் பேசிச் சேர்ந்தவரை, அந்தக் குறைச்சல் கம்பெனி கம்பெனியாகத் துரத்தும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016இல் சட்டம் போட்டு, வேலை உறுதியாகும் முன் பழைய சம்பளத்தைக் கேட்பதைத் தடுத்தது. புதிய வேலைக்கு என்ன சம்பளம் என்பதைக் கொடுப்பவர் முதலில் சொல்லட்டும் என்பதே அதன் தர்க்கம். சரியான தர்க்கம்தான்.

நம்பிக்கை 6: குறை இருந்தாலும் வேறு வழி இல்லை

உண்மை: வழி இருக்கிறது. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும், கெசட் அந்தஸ்து இல்லாத குரூப் பி பணிகளுக்கும் நேர்முகத் தேர்வே கிடையாது. ஐ.ஏ.எஸ். தேர்விலும் மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்காணலுக்கு 275தான்.

பேசியே ஆக வேண்டுமென்றால் பேசுவதற்கும் ஒரு முறை உண்டு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், 1955 வாக்கில் இஸ்ரேல் ராணுவத்தில் 21 வயது இளைஞராக இருந்தார். ஆளைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல் அங்கே பயனற்றுப் போயிருந்தது. ஆறு குணங்களைப் பட்டியலிட்டார். ஒவ்வொன்றுக்கும் உண்மைத் தகவல்களைக் கேட்கும் கேள்விகள். எல்லோரிடமும் ஒரே வரிசை. ஒவ்வொன்றுக்கும் உடனே மதிப்பெண். எங்களை இயந்திரமாக்கிவிட்டாய் என்று பேட்டி காண்பவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஆனால் கணிப்பு மேம்பட்டது.

ஷ்மிட், ஹன்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆள் தேர்வு பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளை 1998இல் தொகுத்தபோதும், பால் சாக்கெட் குழு 2022இல் அந்தக் கணக்கைத் திருத்தியபோதும் ஒன்று மாறவில்லை: எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்கும் முறை, வாய்க்கு வந்ததைக் கேட்பதைவிட மேல். வேலையைச் செய்து காட்டச் சொல்வதும் நல்ல அளவுகோல். ‘ஐந்து வருட அனுபவம் கட்டாயம்’ என்கிறோமே, அந்த வருடக் கணக்கு இரண்டு தொகுப்பிலும் கீழே கிடக்கிறது.

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர் வேலைக்குப் போனால் ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. மெஷினில் உட்கார வைத்து இரண்டு பீஸ் அடித்துக் காட்டச் சொல்வார்கள். தையல் நேராக இருந்தால் வேலை. ஒருவரின் செயலே உரைகல் என்று வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் சொன்னதும் இதைத்தான்.

வேலை கிடைக்காமல் திரும்பி வரும் பிள்ளைகளுக்கு: அந்த அறையில் அளந்தது உங்கள் பேச்சை. உங்கள் வேலையை இன்னும் யாரும் அளக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும் பெரியவர்களுக்கு: அடுத்த தடவை ஆளைக் கூப்பிடும் முன், அந்த வேலையில் தினம் செய்ய வேண்டியது என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை மட்டும் கேளுங்கள், வருகிற எல்லோரிடமும்.