உருளைக்கிழங்குக் கணக்கும் கரும்பலகைக் கணக்கும்

"ஆளுக்கொரு அத்தியாயம் எழுதிச் சேர்த்துத் தைத்தால் கூட்டாய்வு."

நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் இது நடப்பதுண்டு. ஒருவர் எழுதியதை அடுத்தவர் படித்திருக்கவே மாட்டார். டெல்லியில் நடந்தது வேறு. எண்ணத் தெரியாத வயதிலேயே குழந்தைகளுக்கு அளவும் வடிவமும் பிடிபடும் என்பதை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்துவந்தவர் ஹார்வர்டு உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கே. அந்த உணர்வை விளையாட்டால் வளர்த்தால் பள்ளிக் கணக்கும் வருமா? இதைச் சோதிக்கும் முறை பொருளாதார அறிஞர் எஸ்தர் டூஃப்லோவிடம் இருந்தது. பிரதம் என்னும் கல்வித் தொண்டு அமைப்பின் 214 பாலர் பள்ளிகளைக் குலுக்கல் போட்டுப் பிரித்தார்கள். சிலவற்றில் கணக்கு விளையாட்டு, சிலவற்றில் பிறர் மனநிலையை அறியும் விளையாட்டு, மற்றவற்றில் வழக்கமான பாடம்.

"ஆய்வுக்கூடத்தில் பலித்தது வகுப்பிலும் பலிக்கும்."

பாதிதான் பலித்தது. எந்தப் பக்கம் புள்ளி அதிகம் என்று எண்ணாமலே சொல்வது போன்றவற்றில் கணக்கு விளையாடிய பிள்ளைகள் முந்தினார்கள். ஓராண்டு கழித்தும் அது நீடித்தது. பள்ளியில் கற்கும் எண்ணிலும் கூட்டலிலும் மட்டும் அந்த முன்னிலை காணோம். 2017இல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரை இதைத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டது. உளவியலாளர் தனியாக இருந்திருந்தால் முதல் பாதியோடு மகிழ்ந்திருக்கலாம்; பொருளாதாரக்காரர் தனியாக இருந்திருந்தால் 'பயனில்லை' என்று கோப்பை மூடியிருக்கலாம். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால்தான் நூல் எந்த இடத்தில் அறுந்தது என்று தெரிந்தது.

"களத்தில் இருப்பவர் தகவல் தந்தால் போதும்."

பிரதமின் பள்ளிகள் இல்லையென்றால் டெல்லி ஆய்வே இல்லை.

"வகுத்தல் வராத பிள்ளைக்குக் கணக்கு வராது."

இதை உடைத்தது, ஸ்பெல்கேயும் டூஃப்லோவும் பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி உள்ளிட்டோரும் சேர்ந்து செய்து 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு. கொல்கத்தாச் சந்தையில் ஆய்வுக் குழுவினர் வாடிக்கையாளராகப் போய் நின்றார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கு 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயம் 1.4 கிலோ, கையில் 200 ரூபாய் நோட்டு. விற்கும் சிறுவன் மனக்கணக்காகவே 37 ரூபாய் எடுத்துக்கொண்டு 163 ரூபாய் மீதி கொடுப்பான். அதே பிள்ளைகளிடம் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுக்கச் சொன்னால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் வந்தது.

சந்தையில் வேலை பார்க்காமல் பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளுக்கோ இதற்கு நேரெதிர். ஏட்டுக் கணக்கில் சந்தைப் பிள்ளைகளைவிட மேல். கடைக் கணக்கைக் கொடுத்ததும் தாளும் பென்சிலுமாகத் திணறினார்கள்.